ஈரலைக் காக்குமா பழச்சாறு? நெல்லி முதல் சிலிமறின் வரை

செங்கண்மாரி என்றதும் எங்கள் ஊர்களில் முதலில் தேடப்படுவது கீழ்க்காய்நெல்லி. அதற்கு அடுத்து நெல்லிக்காய்ச் சாறு, செவ்விளநீர், குளுக்கோஸ் மா. இப்போது இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 'ஈரலைச் சுத்தப்படுத்தும்', 'ஈரலைப் புதுப்பிக்கும்' என்று முகப்பில் அச்சிட்ட பழச்சாற்றுப் போத்தல்களும் குளிசைகளும்தான் அவை. பாமசியில் கிடைக்கின்றன, முகநூலில் விளம்பரம் வருகிறது, வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பொதியிலும் ஒன்று இருக்கும். வாங்கிக் குடிப்பவர்களில் பலர் உண்மையிலேயே ஈரல் பாதிக்கப்பட்டவர்கள். அதனால்தான் இந்தச் சாறுகளில் எது பற்றி என்ன தெரியும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈரல் சுத்தப்படுத்தப்பட வேண்டிய வடிகட்டி அல்ல. உடலுக்குள் வரும் மருந்தையும் மதுசாரத்தையும் நச்சையும் வேதியியல் முறையில் உருமாற்றி வெளியேற்றுவதே அதன் தொழில். அழுக்கு அதில் தேங்கி நிற்பதில்லை. தேங்குவது கொழுப்பு. நீண்டகால அழற்சியால் உண்டாவது தழும்பு. தழும்பு முற்றினால் அதைத்தான் ஈரல் இறுகல், 'சிரோசிஸ்' என்கிறார்கள். ஒரு சாறு ஈரலைக் காக்கிறதா என்று கேட்பதானால் கொழுப்பைக் குறைக்கிறதா, அழற்சியைத் தணிக்கிறதா, தழும்பைத் தடுக்கிறதா, நோயாளர் கூடுதல் காலம் உயிர்வாழ்கிறாரா என்றுதான் கேட்க வேண்டும்.

எலியில் நல்லது, மனிதரில்?

நெல்லி, கடுக்காய், தான்றி, மாதுளை, விளாம்பழம், நாவல் என்று எந்தப் பழத்தை எடுத்தாலும் 'ஈரலைக் காக்கும்' என்று ஒரு ஆய்வுக் கட்டுரை இருக்கும். பொய்யான கட்டுரைகள் அல்ல. ஆனால் அவை எப்படிச் செய்யப்படுகின்றன என்பது முக்கியம். எலிகளுக்குச் சில நாட்கள் பழச்சாற்றைக் கொடுப்பார்கள். அதன் பின்னர் ஈரலைச் சேதப்படுத்தும் நச்சு ஒன்றை, பெரும்பாலும் காபன் டெட்ராகுளோரைட்டையோ அளவுமிஞ்சிய பரசிட்டமோலையோ கொடுப்பார்கள். சாறு குடித்த எலிகளின் ஈரல் குறைவாகவே பழுதடைந்திருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பரசிட்டமோல் நேரடியாக ஈரலைக் கெடுப்பதில்லை. ஈரலில் உள்ள நொதியங்கள் அதன் ஒரு சிறு பகுதியை நச்சாக மாற்றுகின்றன. குளூட்டதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் பிடித்து அடக்கிவிடும். மருந்தின் அளவு மிஞ்சி, குளூட்டதயோன் தீர்ந்தபின்தான் ஈரல் கலங்கள் சாகத் தொடங்கும். முன்கூட்டியே கொடுத்த சாறு அந்த நொதியத்தைக் கொஞ்சம் மந்தப்படுத்தினாலே போதும். நச்சு குறைவாக உருவாகும், எலி தப்பிவிடும். அதை வைத்து, ஏற்கெனவே பழுதடைந்த மனித ஈரலைச் சாறு திருத்தும் என்று சொல்லமுடியாது. மனிதர் நோய் வந்த பிறகுதான் சாற்றைத் தேடுகிறார். பரசிட்டமோலை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு வைத்தியசாலையில் கொடுக்கும் மாற்று மருந்து அசிற்றைல்சிஸ்ரீன். அது எட்டு மணித்தியாலத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலும் ஈரல் தப்பிவிடும். வீட்டில் சாறு பருக்கிக்கொண்டிருக்கும் நேரம் அந்த எட்டு மணித்தியாலத்திலிருந்துதான் கழிகிறது.

அதிகம் சோதிக்கப்பட்ட பழம்

பழச்சாறுகளுள் மனிதரில் மிகக் கூடுதலாகச் சோதிக்கப்பட்டது எங்கள் நாட்டுப் பழமே அல்ல. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் ஊதாப் பூப் பூக்கும் ஒரு முட்செடி, 'மில்க் திஸில்'. விதை என்று விற்கப்படுவது தாவரவியலின்படி அதன் உலர்ந்த பழம். அதிலிருந்து பிரித்தெடுக்கும் சாரமே சிலிமறின். ஜேர்மனியில் 1960களின் பிற்பகுதியில் இது இனங்காணப்பட்டு மருந்தாக வந்தது. இலங்கைப் பாமசிகளிலும் ஈரல் குளிசை என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதைத்தான்.

1989இல் வியன்னா வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில் ஈரல் இறுகல் உள்ள 170 நோயாளர் சேர்க்கப்பட்டிருந்தனர். நான்கு ஆண்டுகளின் முடிவில் சிலிமறின் எடுத்தவர்களில் 58 வீதமானோர் உயிருடன் இருந்தனர். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 39 வீதம். பெரிய நம்பிக்கையைத் தந்த முடிவு. ஆனால் 1998இல் ஸ்பெயினில், மதுவால் ஈரல் இறுகிய 200 பேரில் செய்த ஆய்வில் உயிர்வாழும் காலத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. 2012இல் அமெரிக்காவில் ஹெப்பற்றைற்றிஸ் சி உள்ள 154 பேருக்கு வழக்கத்தைவிடக் கூடிய அளவில், 420 அல்லது 700 மில்லிகிராமை நாளுக்கு மூன்று வேளை, 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். குருதியில் ஈரல் நொதியத்தின் அளவு வெற்றுக் குளிசையைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. 2017இல் மலேசியாவில் கொழுப்பு ஈரல் அழற்சி உள்ள 99 பேரில் செய்த ஆய்வும் அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. தழும்பு குறைந்தவர்கள் மட்டும் சிலிமறின் குழுவில் கூடுதலாக இருந்தார்கள்: 22 வீதம், மற்றக் குழுவில் 6 வீதம். இன்னும் பெரிய ஆய்வில் உறுதிப்படுத்த வேண்டிய தகவல் அது.

ஒரேயொரு இடத்தில் சிலிமறினுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் நச்சுக் காளானை உண்டு ஈரல் செயலிழக்கத் தொடங்கியவர்களுக்கு அதன் தூய கூறான சிலிபினினை நாளத்தினூடாக ஏற்றுகிறார்கள். அது வைத்தியசாலை மருந்து. குளிசைப் போத்தலோடு ஒப்பிட முடியாது. குளிசை பெரிய தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. சிலருக்கு வயிற்றோட்டம் வரும், அவ்வளவுதான். மாதா மாதம் அதற்குக் கொடுக்கும் பணத்தை எண்ணித்தான் எனக்குக் கவலை. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கினால், ஈரல் இறுகி உடல் மெலிந்த ஒருவருக்கு நன்மை நிச்சயம்.

நெல்லியும் அதன் பெயரைச் சுமக்கும் பூண்டும்

நெல்லிக்காய் நல்ல உணவு. 100 கிராம் காயில் விற்றமின் சி 250 முதல் 600 மில்லிகிராம் வரை இருப்பதாக வெவ்வேறு உணவு அட்டவணைகள் காட்டுகின்றன. அதன் துவர்ப்புக்குக் காரணமான தனின் வகைப் பொருட்களும் அழற்சியைத் தணிக்கும் இயல்புள்ளவை. நாளுக்கு ஒன்றிரண்டு காய் உண்பதால் எவருக்கும் கெடுதல் வராது என்றே சொல்லலாம். ஈரல் நோயை மாற்றும் என்பதற்கு மட்டும் மனிதரில் உறுதியான சான்று இல்லை.

கவனிக்க வேண்டியது நெல்லி எந்த உருவில் வருகிறது என்பதை. கடையில் வாங்கும் நெல்லிச் சர்பத்தில் பெரும் பகுதி சீனி. மிஞ்சிய சீனியை ஈரல்தான் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. கொழுப்பு ஈரல் என்று ஸ்கானில் வந்தவர், ஈரலுக்கு நல்லது என்று காலையும் மாலையும் அந்தச் சர்பத்தைக் குடித்தால் நோயைத்தான் வளர்க்கிறார். நெல்லிக்காய் ஊறுகாயில் உப்பு. ஈரல் இறுகி வயிற்றில் நீர் கட்டியவருக்கு உப்பு ஆகாது. அரிட்டமாகக் காய்ச்சி ஊறவைத்தது என்றால் அதில் நொதித்து உண்டான மதுசாரம் இருக்கும். குடியை விட்டவருக்கும் ஈரல் இறுகியவருக்கும் அது வேண்டவே வேண்டாம். தலசீமியாவுக்காக அடிக்கடி குருதி ஏற்றும் பிள்ளைகளுக்குச் செறிவான நெல்லிச் சாறோ விற்றமின் சி குளிசையோ வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. இரும்பு உறிஞ்சப்படுவதை விற்றமின் சி கூட்டும். அவர்களின் ஈரலில் ஏற்கெனவே இரும்பு மிஞ்சி இருக்கிறது.

கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் சேர்ந்த திரிபலாவை மலச்சிக்கலுக்கு அளவாக எடுப்பது பழைய வழக்கம். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

கீழ்க்காய்நெல்லி பெயரளவில்தான் நெல்லி. நாம் அரைப்பது பழத்தை அல்ல, முழுப் பூண்டையும். ஆனாலும் ஈரல் மருந்து பற்றிய பேச்சில் அதை விடமுடியாது. காரணம், 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை. ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமியைக் காவுபவர்களுக்கு 30 நாட்கள் இந்தப் பூண்டின் தூளைக் கொடுத்தபோது 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுக் குளிசை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கும் கட்டுரையாசிரியர்களில் ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. எங்கள் மருந்தை வெள்ளைக்காரர் மறைத்துவிட்டார்கள் என்று இன்றும் பேசுவோர் உண்டு. மறைக்கவில்லை, தேடித்தான் பார்த்தார்கள்.

அப்படியானால் கீழ்க்காய்நெல்லி குடித்துச் செங்கண்மாரி மாறிய எங்கள் அயலவர்கள்? அவர்கள் சொல்வதும் உண்மை. நீரால் பரவும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ மிகப் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

கறியில் நல்லது, குளிசையில் கேடு

ஈரலைக் கெடுக்கும் பழச்சாரமும் இருக்கிறது. அதுவும் எங்கள் மீன்கறிச் சட்டியில் கிடக்கும் பழம். கொறக்காப்புளி என்பது உலர்த்திக் கறுத்த துண்டுகளாகச் சந்தையில் விற்பது. பிள்ளைகள் மரத்தில் பறித்துத் தின்னும் கொடுக்காப்புளி வேறு. கொறக்காவின் தோலிலிருந்து எடுக்கும் ஐதரொட்சி சித்திரிக் அமிலத்தை 'கார்சினியா' என்ற பெயரில் உடல் மெலியும் குளிசையாக உலகெங்கும் விற்கிறார்கள். அதை எடுத்தவர்களில் சிலருக்குக் கடும் ஈரல் அழற்சி வந்து, ஈரல் மாற்றுச் சிகிச்சை வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்துக் கூட என்றும் கண்டிருக்கிறார்கள். மீன்கறியில் போடும் இரண்டு துண்டைப் பற்றிப் பயமில்லை. எடை குறைய, கொழுப்பு ஈரல் மாற என்று வெளிநாட்டிலிருந்து வரும் போத்தலில் அந்தப் பெயர் இருந்தால் திறக்காமல் வைத்துவிடுங்கள்.

காமரங்காயும் பிலிம்பிக்காயும் ஈரலுக்கும் சீனி வியாதிக்கும் நல்லது என்று வெறுவயிற்றில் சாறாகக் குடிப்போர் உண்டு. இவற்றில் ஒட்சலேற்று மிக அதிகம். சாறு குடித்து ஒரே வேளையில் சிறுநீரகம் செயலிழந்த நோயாளர் பற்றி இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோய் ஏற்கெனவே எவ்வளவு குடும்பங்களைப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொலஸ்ரரோல் குளிசை எடுப்பவர்கள் ஜம்போலாப் பழம் பற்றியும் தங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும். அதன் இனத்தைச் சேர்ந்த கிறேப் புரூட் சில மருந்துகளின் அளவைக் குருதியில் பல மடங்கு உயர்த்திவிடும்.

இதற்கு நேரெதிராக, எவரும் மருந்தென்று நினைக்காத ஒரு பழத்தின் விதைக்கு நல்ல சான்று இருக்கிறது: கோப்பி. பல நாடுகளில் பெருந்தொகையானோரை ஆண்டுக்கணக்காகக் கவனித்ததில், நாளாந்தம் இரண்டு மூன்று கோப்பை கோப்பி குடிப்போருக்கு ஈரல் இறுகலும் ஈரல் புற்றுநோயும் குறைவாக வந்திருக்கின்றன. கோப்பிதான் காரணம் என்று முற்றாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. மல்லிக் கோப்பி இதில் சேராது. மூன்று கரண்டி சீனி போட்ட கோப்பியும்தான்.

கண் மஞ்சளானால்

சாறுகளால் வரும் மிகப் பெரிய கெடுதல் அவற்றுக்குள் இல்லை. அவற்றைக் குடித்துக்கொண்டு காத்திருக்கும் நாட்களில் இருக்கிறது. கண் மஞ்சளாவது ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் நின்ற வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, பிறகு கண் மஞ்சள் என்று வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நேரத்துக்குக் கொடுத்தால் சாதாரண நுண்ணுயிர்க் கொல்லி மருந்துக்கு அடங்கும் நோய். நாலு நாள் கீழ்க்காய்நெல்லி குடித்துவிட்டு வந்தால் சிறுநீரகமும் சுவாசப்பையும் போயிருக்கும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கர்ப்பிணிக்கு வரும் ஹெப்பற்றைற்றிஸ் ஈ உயிராபத்தானது. தடுமாற்றமான பேச்சு, பகலில் உறக்கமும் இரவில் விழிப்பும், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வயிறு வீங்குதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

செங்கண்மாரி என்றால் உப்பில்லை, எண்ணெயில்லை, மீனில்லை என்று ஒன்றரை மாதம் பத்தியம் காப்பதும் தேவையற்றது. ஓங்காளம் இருக்கும்போது கொழுப்பு உணவு பிடிக்காது. அந்த அளவுக்குக் குறைத்தால் போதும். பசித்தால் வழமையான சாப்பாடு சாப்பிடலாம். செவ்விளநீர் பொதுவில் நல்லதுதான்; ஆனால் வயிற்றில் நீர் வற்ற ஸ்பைறொனொலக்ரோன் குளிசை எடுப்பவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் மிஞ்சி இதயத்தைப் பாதிக்கலாம்.

போரும் ஈரலும்

2009இல் வவுனியா முகாம்களில் செங்கண்மாரி பரவியதை அங்கிருந்தவர்கள் அறிவார்கள். அதற்குக் காரணம் சாப்பாட்டில் ஏதோ குறைந்தது அல்ல. அளவுக்கு மீறி அடைக்கப்பட்ட சனத்துக்குப் போதுமான நல்ல தண்ணீரும் மலசலகூடமும் இருக்கவில்லை. அந்த நோய்க்குத் தடுப்பு இன்றும் அதுதான்: கொதித்தாறிய நீர், சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை, மலக்குழியிலிருந்து தள்ளி இருக்கும் கிணறு.

காயப்பட்டு, நெருக்கடியான இடங்களில் குருதி ஏற்றப்பட்டவர்கள் ஹெப்பற்றைற்றிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பதற்றப்பட வேண்டாம், இலங்கையில் இவ்விரு கிருமிகளும் குறைவு. இருந்தால் தெரிந்துகொள்வதில்தான் இலாபம். ஹெப்பற்றைற்றிஸ் சி இன்று 12 வாரக் குளிசையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு முற்றாக மாறும் நோய். பி கிருமியை முற்றாக அகற்றுவது அரிது, ஆனால் நாளுக்கு ஒரு குளிசையால் அடக்கி வைக்கலாம். பி கிருமிக்கான தடுப்பூசி இலங்கையின் தேசிய திட்டத்தில் சேர்ந்தது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்கள், குறிப்பாக வீட்டில் ஒருவருக்கு அந்தக் கிருமி இருந்தால், மூன்று ஊசிகளையும் போட்டுக்கொள்ளலாம். ஈரலைக் காக்கும் என்று முழுமனதாகச் சொல்லக்கூடிய மருந்து ஒன்று உண்டென்றால் அது இந்த ஊசி.

உடலில் எறிகணைச் சிதறலோடும் அவயவம் இழந்த இடத்தில் மாறாத நோவோடும் வாழ்பவர்கள் நாளாந்தம் நோக் குளிசை எடுக்கிறார்கள். 500 மில்லிகிராம் பரசிட்டமோல் நாளுக்கு எட்டுக் குளிசைக்கு மேல் எவரும் எடுக்கக்கூடாது. மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், ஈரல் பழுதுள்ளவர்கள் அதில் பாதியோடு நிற்க வேண்டும். தடிமன் குளிசையிலும் கலவைக் குளிசையிலும் அதே பரசிட்டமோல் இருப்பதால் கணக்குத் தப்பிவிடும். பெட்டியைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். நரம்பு நோவுக்கு வேறு மருந்துகள் உண்டு, அவற்றைக் கேட்டுப் பெறலாம்.

குடியைப் பற்றிச் சொல்லும்போது வடக்கு கிழக்கில் புத்திமதி தேவையில்லை என்று நினைக்கிறேன். நித்திரை வராமலும் நினைவைத் தாங்க முடியாமலும் தொடங்கியவர்கள் பலர். கசிப்பில் மதுசாரம் எவ்வளவு என்று காய்ச்சியவருக்கே தெரியாது. மதுவால் வந்த கொழுப்பு ஈரல், குடியை நிறுத்திய சில வாரங்களில் வற்றத் தொடங்கும். எந்தச் சாறுக்கும் இந்த வேகம் இல்லை. குடித்துக்கொண்டே சிலிமறின் எடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போல. ஆனால் நெடுங்காலம் நாளாந்தம் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் மனக் குழப்பமும் வரலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் இதற்கான மருந்தும் உதவியும் இலவசமாகக் கிடைக்கும். நித்திரையின்மைக்கும் அதே இடத்தில் கேட்கலாம்.

குடிக்காதவர்களுக்கும் கொழுப்பு ஈரல் வருகிறது. றாகமையில் செய்து 2009இல் வெளியான ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. 70 கிலோ உள்ளவர் 5 முதல் 7 கிலோ குறைத்தால் ஈரல் அழற்சியே தணியும். சோற்றையும் சீனியையும் குறைப்பதும், மாலையில் வேர்க்க வேர்க்க நடப்பதும்தான் வழி.

சித்த வைத்தியத்தை நாடுபவர்கள் பதிவுபெற்ற வைத்தியரிடமோ கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற அரச நிறுவனத்திலோ பார்ப்பது பாதுகாப்பு. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பஸ்பம், செந்தூரத்தில் ஈயமோ இரசமோ இருக்கலாம். ஆங்கில வைத்தியரிடம் போகும்போது சாறு, குளிசை, தூள் எல்லாவற்றையும் போத்தலோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏசுவார் என்று மறைத்தால் அவர் தவறான இடத்தில் காரணம் தேடுவார்.

குருதியில் எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், அல்புமின், ஐ.என்.ஆர்., குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை, ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, அதோடு ஒரு வயிற்று ஸ்கான். ஈரல் பற்றிச் சந்தேகம் உள்ளவர் கிளினிக்கில் கேட்க வேண்டியவை இவை. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆறுதல் அடையக்கூடாது. இறுகிய ஈரலிலும் அது சாதாரணமாக இருக்கலாம்.